பருவம் முடிந்த பின்னும் பிரியாதோர்



மன்னார்த் தீவின் வடகரையிலே, பாக்கு நீரிணையை நோக்கி அமைந்தது எங்கள் பேசாலை. வலையும் தோணியும் கருவாடும் பனையுமே இவ்வூரின் செல்வங்கள். சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற கடற்றொழிலாளர் மகனொருவன் பல்கலைக்கழக விவசாய பீடத்திற்குத் தெரிவானான். அவன் தந்தையார் என்னிடம் வந்து, “கடலை நம்பிப் பிழைக்கிற எங்களுக்குக் கமத்தொழிற் படிப்பு எதற்கு, சேர்?” என்று கேட்டார். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. நிறைவான விடை, அம்மாணவன் முதலாவது அரையாண்டுப் பருவத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய நாளிலேதான் கிடைத்தது. அதனைக் கூறுமுன், விவசாயக் கல்லூரிகளின் பழங்கதையைச் சிறிது நோக்குவோம்.

தமிழ் நாட்டிலே விவசாயக் கல்வியின் தொடக்கம் 1868ஆம் ஆண்டிலே, சென்னையைச் சார்ந்த சைதாப்பேட்டையில் நிகழ்ந்தது. அங்கே தோன்றிய பள்ளி 1906ஆம் ஆண்டிற் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. 1920இற் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எழுவதற்கு அடித்தளமாயிற்று. நெடுங்காலம் தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் அங்கே வந்து கூடினர். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என வெவ்வேறு மொழி பேசுவோர் ஒரே விடுதியில் உண்டு, ஒரே வயலில் இறங்கினர். படிப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசைக்குச் சென்றனர்.

இவ்வாறு பிரிந்தோர் பிரிந்தே போயினரா? இல்லை. பயில்வோரும் பயின்றோரும் சேர்ந்து மெட்ராஸ் விவசாய மாணவர் சங்கம் என்றொரு சங்கத்தை நடத்தினர். அச்சங்கம் 1913ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சி இதழ் நூறாண்டைக் கடந்தும் வாழ்ந்தது. தஞ்சையின் நெல்வயலிற் கண்ட உண்மையை வேறொரு மாவட்டத்திற் பணிபுரிவோன் அறிய வேண்டுமாயின், விடுதியில் முளைத்த நட்பு கல்லூரி வாயிலோடு முடிந்துவிடலாகாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் பின்னர் பேராதனையில் நிலைகொண்டது; விவசாயக் கல்வியும் அங்கே தழைத்தது. மலைநாட்டின் மழையை மட்டும் அறிந்தவன் உலர் வலயத்தின் வெயிலை அறியான். ஆதலின் மகா இலுப்பள்ளமவிலே மாணவர் ஒருங்கே தங்கிக் கமத்தொழிலைக் கைப்படப் பயிலும் ஏற்பாடும் உண்டாயிற்று. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரு பாத்திக்கு நீர் பாய்ச்சி, ஒரு பானைச் சோற்றைப் பகிர்ந்துண்ணும் வாழ்வு நூலறிவினும் ஆழமாகப் பதிவது. பின்னர் 1981இல் மட்டக்களப்பு வந்தாறுமூலையிலும் விவசாய பீடம் தோன்றியது.

வடக்கிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இற் கிளிநொச்சியில் நிறுவப்பட்டது. பொருத்தமான இடமே அது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்ற மக்களின் நாடு கிளிநொச்சி. ஆயின் காலம் பொருந்தவில்லை. அதே ஆண்டிற் போர் மீண்டும் மூண்டது. பீடம் தன் இடத்தை விட்டுப் பெயர நேர்ந்தது. ஆய்வுக்கூடத்தை இன்னோரிடத்தில் ஒருவாறு அமைத்துக்கொள்ளலாம்; வயலை யார் சுமந்து செல்வார்? எனினும் யாழ்ப்பாணத்திலே வகுப்புகள் நடந்தன, பரீட்சைகள் நடந்தன, பட்டதாரிகள் வெளிவந்தனர். போர் 2009இல் முடிவுற்றபின், பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் மீண்டும் வேரூன்றியது.

நேயர்களே, இடத்தை இழந்த கல்லூரி எதனால் உயிரோடிருந்தது? கற்பித்தோரும் கற்றோருமாகிய கூட்டம் சிதறாதிருந்தமையாலன்றோ! 1990இல் மன்னார்த் தீவினர் பலர் படகேறி இராமேசுவரம் சென்றனர். பிரிந்துபோன ஊர் மீண்டும் கூடுவதன் அருமையை நாங்கள் ஏட்டிற் படித்தறிய வேண்டியதில்லை.

இப்போது அந்த மாணவனின் கதைக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தார் ‘செமஸ்டர்’ என வழங்கும் சொல் இலத்தீன் மொழியில் ஆறு திங்களைக் குறிப்பது. எம் கமக்காரருக்கும் ஆண்டு இரண்டு கூறே: மாரி மழையை நம்பும் காலபோகம், குளத்து நீரை நம்பும் சிறுபோகம். ஆயின் பரீட்சையின் நாட்காட்டியும் பயிரின் நாட்காட்டியும் என்றும் ஒத்துப்போவதில்லை. பருவ இறுதியிலே ஏனைய மாணவர் புத்தகத்தை மூடினாற் போதும்; விவசாய மாணவன் அவ்வாறு செல்ல இயலாது. விளைந்ததை அறுத்து நிறுக்க வேண்டும். செயன்முறைக் குறிப்பேட்டை நிறைவு செய்ய வேண்டும். விளையாததை யாரிடமேனும் ஒப்படைக்க வேண்டும்.

“விடிய எழும்பித் தண்ணி விட்டிட்டுத்தான் சோதனை எழுதப் போனோம், சேர். ஒரு பெடியனுக்குக் காய்ச்சல். அவன்ர பாத்தியை நாங்கள் பார்த்தோம். கிளிநொச்சிப் பெடியள் வீடு கிட்ட எண்டபடியால், லீவுக்கு எங்கட கன்றுகளையும் அவங்கள்தான் பார்க்கிறாங்கள்” என்றான் அவன்.

பிறன் பாத்திக்கு நீர் ஊற்றிவிட்டுத் தன் பரீட்சைக்குச் சென்ற அச்செய்தியை நான் அவன் தந்தையாரிடம் கூறினேன். அவர் சற்று நேரம் கடலை நோக்கியிருந்தார். பின்னர், “நோயில கிடக்கிறவன்ர வலையையும் நாங்கள்தானே இழுக்கிறனாங்கள்” என்றார். அவர் அன்று கேட்ட வினாவிற்கு அவரே விடை கூறிவிட்டார். கடலாயினும் கழனியாயினும், தனி ஒருவனாற் செய்து முடிக்கும் தொழிலன்று.

எம் மாவட்டத்திலே கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. தீவிலோ மணலும் உப்புக் காற்றும். இவ்விரண்டையும் அறிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும். பட்டம் பெற்றபின் அவர்கள் தனித்தனியே உத்தியோகம் தேடி ஒதுங்கிவிட்டால், கற்ற கல்வி ஊர்க் கமக்காரனைச் சென்றடையாது. பருவ இறுதியில் ஒருவர் கன்றை ஒருவர் காத்த பழக்கத்தை வாழ்நாள் முழுதும் காப்பாராயின், அதுவே அக்கல்லூரி நாட்டுக்கு ஈயும் விளைச்சல். பெற்றோர்களே, விடுமுறைக்கு வரும் உங்கள் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். யார் பாத்திக்கு நீர் ஊற்றினாய் என்றும் கேளுங்கள்.