பிரான்காச்சோவில் ஒரு பத்மினி

பிரான்காச்சோ ஸ்டேஷனுக்குப் போற வழியில ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கு. போன சனிக்கிழமை அதன் வாசல்ல சாம்பல் கலர்ல ஒரு கார். அட, நம்ம பத்மினி! பலெர்மோவுக்கு இது எப்படி வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் அசட்டுத்தனமா யோசிச்சேன் :-)

"மில்லெச்சென்தோ, 1964" என்றார் மெக்கானிக் தாத்தா. இத்தாலியன்ல ஆயிரத்து நூறு. அதாவது ஃபியட் 1100.

கதை இதுதான் மக்களே. 1953-ல் ஃபியட் தனி சட்டம் இல்லாத, பாடியே சட்டமா நிற்கிற புது 1100-ஐ விட்டது. 1089 சிசி இன்ஜின். 1962-ல் 1100 டி, 1966-ல் 1100 ஆர். 1969-ல் இங்கே கதை முடிஞ்சுது. முன் சக்கரத்தை இழுக்கும் 128 வந்துடுச்சு.

நம்ம ஊர்ல 1954-லேயே பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி 1100-ஐத் தயாரிக்க ஆரம்பிச்சது. 1964-ல் 1100 டி வந்தது. அப்புறம் ஃபியட் பேரை எடுத்துட்டு 'பிரசிடென்ட்'னு வச்சாங்க. 1974-ல் சித்தூர் ராணி பேரில் 'பத்மினி'. அதே 1974-ல் இத்தாலிக்காரன் 131 விட்டான். 1983-ல் ரெகாட்டா, 1990-ல் டெம்ப்ரா. நாம 2000 வாக்கில் தயாரிப்பை நிறுத்தும் வரை கிட்டத்தட்ட அதே 1962 உடம்புதான்.

இதைப் பாசம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணலை. லைசென்ஸ் ராஜ்யத்துல வேற வழி இல்லை, அவ்வளவுதான். எங்க தாத்தாவும் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தவர்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் ஜனங்க அந்தப் பக்கம் சாய்ஞ்சாங்களே! ஆனா மாறாததுல ஒரு லாபமும் இருந்தது. எந்த ஊர் ரோட்டோர மெக்கானிக்கும் கண்ணை மூடிட்டு ரிப்பேர் பண்ணுவார். பம்பாயில் 2023 அக்டோபர் வரைக்கும் டாக்சியா ஓடுச்சு.

தாத்தா வாங்கின 86 மாடலை அப்பா ஓட்டினார். பத்தாவது படிக்கும்போது, பசங்க பார்த்துடுவாங்கன்னு ஸ்கூலுக்கு ரெண்டு தெரு முன்னாடியே இறங்கிக்குவேன். அப்பா ஏன்னு கேட்டதே இல்லை. அடுத்த வருஷம் அதைக் காயலான் கடைக்குப் போட்டார்.

மெக்கானிக் தாத்தா கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே பதில்:

"கியர் கையிலதானா?"

ஆமாம்ப்பா. கையிலதான்.