ஒல்லாந்தில் ஒளிந்த காடு

கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம், கரைகட்டி நீரைத் தடுக்கும் மக்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டவர்கள் 'ஹொல்லாந்து' என்ற பெயரைக் கண்டதும், டச்சில் குழிவுடையதைச் சுட்டும் 'ஹொல்' அதன் முதற்பாதி என்று கருதி, 'பள்ளநாடு' எனப் பொருள் கொண்டுவிடுகிறார்கள். தாழ்நிலம் என்ற பொருள் உண்மையில் 'நெதர்லாந்து' என்னும் மற்றொரு பெயருக்கு உரியது.

இடைக்கால ஏடுகள் காட்டும் வடிவம் 'ஹொல்ட்லாந்து'. 'ஹொல்ட்' என்பது மரம், காடு. மரத்தைக் குறிக்கும் செர்மானிய 'ஹோல்ட்ஸ்' அதன் உடன்பிறப்பு. சொற்கள் இரண்டும் புணர்கையில் இடைநின்ற டகர ஒற்றுக் கெட, காட்டுநாடு பள்ளநாடுபோல் ஒலிக்கலாயிற்று. அயலாரை மட்டும் குறைசொல்ல இயலாது: 'ஹொல்ட்' பின்னாளில் லகரம் இழந்து 'ஹௌட்' எனத் திரிய, ஊர்ப்பெயரோ அத்திரிபுக்குத் தப்பிப் பழைய லகரத்தோடு நின்றுவிட்டதால், இவ்விரண்டின் உறவு அந்நாட்டார் செவிக்கே எட்டுவதில்லை. சிறுபகுதியொன்றுக்கு வழங்கிய பெயர் ஒரு சிற்றரசுக்கு ஆகி, 1840-இல் வடக்கு, தெற்கு என இரு மாநிலங்களாகப் பிரிந்தும், அயலார் நாவில் நாடு முழுவதற்கும் நிற்கிறது.

காட்டை ஒளித்த பெயர் இது ஒன்றுதானா? 'ஸ்-ஹெர்டோகன்போஸ்' என்ற நகரப்பெயரின் தலையில் ஒட்டிய ஒற்றை ஸகரம், சொல்லிறுதியிலேயே அதைக் கண்டு பழகிய ஆங்கிலேயரைத் திகைக்கவைக்கும். அது 'டெஸ்' என்னும் ஆறாம் வேற்றுமைச் சுட்டின் எச்சம். 'ஹெர்டோக்' கோமகன், 'போஸ்' காடு. ஆகக் கோமகனின் காடு. பிரெஞ்சுக்காரர் பொருளறிந்து 'புவா-லெ-டுயுக்' என்றே பெயர்த்துக்கொண்டனர். ஊரார் வழங்கும் மரூஉ 'டென் போஸ்'. அங்குப் பிறந்த ஓவியர் ஹியரோனிமஸ் போஸ் ஊர்ப்பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். அப்பெயரின் ஈற்றில் எழுதப்படும் 'sch'-ஐக் கண்டு அயலார் 'பாஷ்' என்பர். 'டென் ஹாக்' என்னும் நகரப்பெயரும் 'ஸ்-கிராவன்ஹாகே' என்ற நெடும்பெயருக்கு மரூஉவாக நிற்பதே. 'ஹாகே' வேலி, வேலியடைத்த தோப்பு. அது ஹொல்லாந்துச் சிற்றரசருடையது.

1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரரை ஈழத்தமிழ் 'ஒல்லாந்தர்' என்றது. தமிழில் இல்லாத ஹகரம் நீங்கிற்று. இரட்டை லகரம் மட்டும் சிதையாமல் தங்கிற்று. அவற்றுள் முன்னது காட்டுக்குரியது, பின்னது நாட்டுக்குரியது. கெட்ட டகரத்தின் இடம் அவ்விரண்டுக்கும் நடுவே.