தண்ணி படும் பாடு

தண் என்றால் குளிர்ச்சி. தண்ணீர், குளிர்ந்த நீர். பேச்சுவழக்கோ கூசாமல் 'சுடுதண்ணி' என்கிறது.

கொச்சையில் 'தண்ணி' என்றாலே மது. மிதமிஞ்சித் தண்ணி அடிப்பவர் 'தண்ணி வண்டி'. கிராமத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டினால் அதன் தாகம் தீரும். போலீசுக்குத் தண்ணி காட்டினால் ஆள் அகப்படவில்லை என்று பொருள். அரசு ஊழியரை மிரட்டும் 'தண்ணியில்லாக் காடு' மட்டும் ஏறக்குறைய நேர்ப்பொருளே: தண்டனை இடமாற்றம் என்றதும் வறண்ட ராமநாதபுரத்தைத்தான் சொல்வார்கள்.

குரூரமானது 'தண்ணி தெளித்துவிடுவது'. பலி ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது சிலிர்த்தால் சம்மதமாம்! அந்தச் சடங்கோடு இதைச் சேர்த்துச் சொல்வதுண்டு. அடங்காத மகனைக் கைகழுவிய பெற்றோர், "அவனுக்கு எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்பார்கள்.

கணக்கு ஒருத்திக்குத் 'தண்ணி பட்ட பாடு' என்றால் பாராட்டு. பணம் அப்படியானால், வீண்செலவு.