கிருபையும் விசுவாசமும்: நீதிமானாக்கப்படுதல் கோட்பாட்டின் வளர்ச்சி

மனிதர் தம் நற்செயல்களின் பலனாக அன்றி, கடவுளின் கிருபையால், கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தின் வழியே இரட்சிக்கப்படுகின்றனர் என்பது கிறிஸ்தவ இறையியலின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. இரட்சிப்புக்குக் கிருபை இன்றியமையாதது என்பதை மேலைத் திருச்சபை 5ஆம் நூற்றாண்டிலேயே உறுதிசெய்துவிட்டது. அக்கிருபை மனிதரிடம் எவ்வாறு செயல்படுகிறது, அதில் மனித விருப்பத்தின் பங்கு என்ன என்பவையே பின்னர் எழுந்த பெரும் விவாதங்களுக்குக் காரணமாயின.

புதிய ஏற்பாட்டு அடிப்படை

கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பவுல் எழுதிய கலாத்தியர், ரோமர் நிருபங்களில் இக்கோட்பாட்டின் முதல் விரிவான வாதம் உள்ளது. யூதரல்லாதார் கிறிஸ்தவராவதற்கு விருத்தசேதனம் முதலிய நியாயப்பிரமாணக் கடமைகளை ஏற்க வேண்டுமா என்பதே அன்றைய சிக்கல். ஆபிரகாம் விருத்தசேதனம் பெறுவதற்கு முன்பே விசுவாசத்தால் நீதிமானாக எண்ணப்பட்டார் என்று பவுல் வாதிட்டார். யாக்கோபின் நிருபமோ அதே ஆபிரகாமை எடுத்துக்காட்டி, செயலற்ற விசுவாசம் செத்தது என்றது. இவ்விரண்டையும் இணைத்துப் பொருள்கொள்வது பிற்கால உரையாசிரியர்களின் தொடர்பணியாயிற்று.

அகுஸ்தீனும் பெலாகியுசும்

கடவுளின் கட்டளைகளைக் கடைப்பிடிக்கும் ஆற்றல் மனித இயல்பிலேயே உண்டு என்று பெலாகியுஸ் கற்பித்தார். ஆதாமின் பாவத்தால் மனித விருப்பம் சிதைந்துள்ளது, கடவுளை நோக்கித் திரும்புவதற்கே கிருபை முந்திவர வேண்டும் என்று ஹிப்போ ஆயர் அகுஸ்தீன் (354–430) மறுத்தார். 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாகியுசின் போதனையைக் கண்டித்தது. விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையின் கொடையே என்று 529இல் ஆரஞ்சு சங்கம் தீர்மானித்தது. அதே சமயம், சிலரைக் கடவுள் தீமைக்கென முன்குறித்தார் என்ற கருத்தை அது தள்ளியது.

இடைக்கால விளக்கங்கள்

கிருபை ஆன்மாவுக்குள் பொழியப்பட்டு அதை உள்ளிருந்து மாற்றும் ஒரு பண்பு என்று தோமா அக்குவினாஸ் (இறப்பு 1274) விளக்கினார். நீதிமானாக்கப்படுதல் என்பது இங்கு மனிதர் உண்மையிலேயே நீதியுள்ளவராக மாறுவதைக் குறித்தது. திருவருட்சாதனங்கள் அதற்கு வழியாயின. 15ஆம் நூற்றாண்டில் காபிரியேல் பீல், தம்மால் இயன்றதைச் செய்பவருக்குக் கடவுள் கிருபையை மறுப்பதில்லை என்று கற்பித்தார். தாம் இயன்றதைச் செய்துவிட்டோமா என்ற ஐயத்துக்கு இந்த விளக்கம் இடமளித்தது.

சீர்திருத்தமும் திரிதெந்தீன் சங்கமும்

இத்தகைய இறையியலில் பயின்ற மார்ட்டின் லூதர், 1515–16இல் விட்டன்பர்க்கில் ரோமர் நிருபத்தைப் பாடமாக நடத்தினார். கடவுளின் நீதி தண்டிக்கும் நீதி அன்று, விசுவாசிப்பவருக்குக் கொடையாகத் தரப்படும் நீதி என்ற முடிவுக்கு வந்தார். பாவமன்னிப்புச் சலுகைச் சீட்டு விற்பனைக்கு எதிராக 1517இல் அவர் எழுதிய 95 கருத்துரைகள் பொது மோதலைத் தொடங்கிவைத்தன. கிறிஸ்துவின் நீதி விசுவாசியின் கணக்கில் எண்ணப்படுகிறது, நற்செயல்கள் அதன் கனிகளே என்று லூதரும் மெலாங்க்தனும் விளக்கினர். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 4ஆம் பிரிவு இக்கோட்பாட்டைச் சுருக்கமாக வரையறுத்தது. நீதிமானாக்கப்படுதலும் பரிசுத்தமாக்கப்படுதலும் வேறானவை, ஆயினும் பிரிக்க முடியாதவை என்று கால்வின் இதைச் செம்மைப்படுத்தினார்.

1541இல் ரேகன்ஸ்பர்க்கில் கத்தோலிக்க, சீர்திருத்தத் தரப்பு இறையியலாளர்கள் இக்கோட்பாடு குறித்து ஓர் உடன்பாட்டு வாசகத்தை எட்டினர். ரோமும் லூதரும் அதை ஏற்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்தீன் சங்கம் 1547 ஜனவரியில் 16 அதிகாரங்களும் 33 விதிகளும் கொண்ட ஆணையை வெளியிட்டது. கிருபையின்றித் தன் செயல்களால் எவரும் நீதிமானாக முடியாது என்று முதல் விதியே பெலாகியக் கருத்தைத் தள்ளியது. விருப்பம் கிருபையோடு ஒத்துழைக்கிறது, நீதி உள்ளத்தில் உண்மையாகவே பதிகிறது என்பவற்றையும் அந்த ஆணை வலியுறுத்தியது.

பிற்கால வளர்ச்சி

விருப்பம் பற்றிய கேள்வி சீர்திருத்தத் திருச்சபைகளையும் பிரித்தது. கிருபையை மனிதர் எதிர்த்து நிற்க முடியும் என்ற, ஆர்மீனியுசைப் பின்பற்றியோரின் நிலைப்பாட்டை டார்ட் சங்கம் (1618–19) மறுத்தது. 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி அந்நிலைப்பாட்டை ஏற்றார். ஹாலே நகரப் பக்தி இயக்கத்தில் வளர்ந்த லூதரன் அருட்பணியாளர் சீகன்பால்க், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இக்கோட்பாட்டைத் தமிழில் போதித்தார்.

20ஆம் நூற்றாண்டில் விவாதத்தின் போக்கு மாறியது. சீர்திருத்த இறையியலாளர் கார்ல் பார்த்தின் போதனைக்கும் திரிதெந்தீன் ஆணைக்கும் அடிப்படை முரண் இல்லை என்று 1957இல் கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் குங் வாதிட்டார். பவுல் காலத்து யூத சமயம் செயல்களால் மீட்பைச் சம்பாதிக்கும் சமயமாக இருக்கவில்லை என்று 1977இல் இ. பி. சாண்டர்ஸ் காட்ட முயன்றார். 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலகக் கூட்டமைப்பும் ஆக்ஸ்பர்க்கில் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. அதில் கூறப்பட்ட போதனைக்கு 16ஆம் நூற்றாண்டுக் கண்டனங்கள் பொருந்தா என்று இரு தரப்பும் ஏற்றன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஒன்றியமும் இதில் இணைந்தன. நீதிமானாக்கப்பட்டவரிடம் பாவம் எவ்வகையில் எஞ்சுகிறது, போதனைகள் அனைத்தையும் அளக்கும் அளவுகோல் இக்கோட்பாடு ஒன்றுதானா என்பவற்றில் வேறுபாடு நீடிக்கிறது.