மனாசஸ் சந்திப்பு

சந்திப்பு நிலையம் என்றால் இருப்புப்பாதை ஊழியர்களாகிய நமக்கும் நம் குடும்பத்தாருக்கும் விளக்கம் வேண்டுவதில்லை. இரு வழிகள் கூடுமிடம், பிரிந்தவர் கூடுமிடம். ஆனால் ஒரே நாட்டு மக்கள் ஒருவரையொருவர் கொல்லக் கூடிய சந்திப்பு ஒன்றும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து மனாசஸ் சந்திப்பே அது. நாள் 1861 ஜூலை 21.

அடிமை முறையைக் காக்கும் பொருட்டுத் தென் மாநிலங்கள் பிரிந்து தனியரசு அமைத்தன. அவ்வாண்டு ஏப்ரலில் சம்டர் கோட்டை தாக்கப்பட்டதும், குடியரசுத் தலைவர் லிங்கன் 75,000 தொண்டர்களைப் படைக்கு அழைத்தார். அவர்தம் சேவைக் காலம் மூன்றே திங்கள். அதற்குள் போர் முடிந்துவிடும் என்பதே பலருடைய எண்ணம்.

மனாசஸ், வாஷிங்டனுக்குத் தென்மேற்கே சுமார் 25 மைல் தொலைவிலுள்ளது. மேற்கே ஷெனன்டோவா பள்ளத்தாக்கிலிருந்து வரும் பாதை அங்கே மற்றொரு பாதையோடு இணைந்தது. அந்நிலையத்தைக் கைப்பற்ற வடபகுதித் தளபதி மெக்டவல் ஏறத்தாழ 35,000 வீரருடன் புறப்பட்டார். புல் ரன் என்னும் ஓடைக்கரையில் எதிர்த்து நின்ற போரிகார்டிடம் இருந்த படையோ அதனினும் மிகச் சிறியது.

தென்பகுதியின் மற்றொரு படை ஜான்ஸ்டன் தலைமையில் பள்ளத்தாக்கில் இருந்தது. அதனை நகரவிடாது தடுக்கும் பொறுப்பு வடபகுதித் தளபதி பாட்டர்சனுடையது. அவர் தவறினார். ஜான்ஸ்டனின் காலாட்படை மலைத்தொடரைக் கடந்து, பீட்மன்ட் நிலையத்தில் வண்டியேறியது. பயணம் 34 மைல். வண்டிகளோ சில, அவையே போய்ப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

போரன்று காலை வடபகுதியினர் முன்னேறினர். ஹென்றி குன்றின்மேல் ஜாக்சனின் படை அசையாது நின்று, அவருக்குக் "கற்சுவர்" என்ற பெயரைத் தேடித் தந்தது. பிற்பகலில், அன்றே வண்டியில் வந்திறங்கிய கிர்பி ஸ்மித்தின் படை நேரே களம் புகுந்தது. வடபகுதியினரின் அணி குலைந்தது. போரை வேடிக்கை பார்க்க உணவுக் கூடைகளோடு வாஷிங்டனிலிருந்து வந்திருந்த கனவான்களும் சீமாட்டிகளும் ஓடும் படையினூடே சிக்கித் தவித்தனர்.

அன்று இருதரப்பிலும் மாண்ட வீரர் ஏறத்தாழ 850 பேர். குன்றின்மேல் தம் வீட்டில் நோயுற்றுக் கிடந்த ஜூடித் ஹென்றி என்ற மூதாட்டியும் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். மூன்று திங்களில் முடியும் என்றிருந்த போர் 1865 வரை நீண்டு, ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவ்வாண்டு டிசம்பரில்தான் அடிமை முறை அரசியல் சட்டத்தால் ஒழிந்தது.

போரின் போக்கை இருப்புப்பாதை மாற்றிய முதற் களங்களுள் ஒன்றென மனாசஸைப் போற்றுவர். வண்டி உரிய வேளையில் சேர்வது நம் தொழிலின் பெருமை. ஆயினும் அன்று வண்டி சுமந்து சென்றது எதனை? மனிதரை விலைப்பொருளாக வைத்திருக்க விரும்பிய ஓர் அரசின் படையை. சக்கரத்திற்கு அறம் தெரியாது. அதனை ஏவும் மனிதருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். போரை ஒரு நாள் வேடிக்கையென எண்ணி வந்தோரின் உணவுக் கூடைகளையும் நாம் மறவாதிருப்போமாக.