சாணவாயுவும் ஊர்ப் பொது அடுப்பும்

இந்தியாவில் கழிவிலிருந்து எரிவாயு எடுத்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று மாட்டுத் தொழுவத்தில் நிகழ்ந்ததன்று. பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் நிகழ்ந்தது. 1897இல் அவ்வில்லத்தின் மலக்கழிவுத் தொட்டிகளிலிருந்து வாயு சேகரிக்கப்பட்டது. பலர் கூடிவாழும் ஓரிடத்தின் கழிவு அவ்விடத்திற்கே பயன்பட்டமை கருதத்தக்கது.

பின்னர் இவ்வரலாறு மாட்டின் பக்கம் திரும்பியது. 1939இல் புதுதில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்தை ஆய்ந்தார். 1951இல் ஜஷ்பாய் பட்டேல் 'கிராமலட்சுமி' என்னும் கலனை உருவாக்கினார். அறுபதுகளில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதனைப் பரப்பியது. 'கோபர் காஸ்' என்ற பெயரும் நிலைத்தது. பெயரே பொருளின் எல்லையைக் குறுக்கிவிட்டது எனலாம். மாடு உடையவர்க்கே வாயு என்றாயிற்று. முன்னர் எவரும் வழியில் பொறுக்கிக்கொள்ளத்தக்க சாணம் விலைப்பொருளாகும் எனவும், அதனால் வறட்டி தட்டிப் பிழைத்த ஏழைப் பெண்டிர் அடுப்புக்கும் வழியற்றுப் போவர் எனவும் அக்காலத்தே விமரிசனம் எழுந்தது.

இக்குறையைப் போக்க எழுந்ததே ஊர்ப் பொதுக் கலன். எழுபதுகளின் இறுதியில் உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் பதேசிங் கா புர்வா என்னும் சிற்றூரில் அது அமைக்கப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி 1974இல் தொடங்கிய 'அஸ்த்ரா' அமைப்பு, எண்பதுகளின் தொடக்கத்தில் கருநாடகத்துத் தும்கூர் மாவட்டப் புரா என்னும் ஊரிலும் இதனை முயன்றது. வீடுதோறும் சமையலுக்கு வாயு வழங்குவதே நோக்கம்.

தடையாக நின்றது கணக்கேயாகும். ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். ஒருவர்க்கு நாளொன்றுக்குச் சமைக்கக் கால் கனமீட்டர் வேண்டும். ஆகவே தலைக்கு ஆறு கிலோ, ஐவர் குடும்பத்திற்கு முப்பது கிலோ. மேய்ச்சலுக்குச் செல்லும் மாடு தன் சாணத்தில் பெரும்பகுதியைக் காட்டிலேயே விட்டுவருகிறது. புராவில் சாணம் போதவில்லை. விறகோ காசின்றிக் கிடைத்தது. 1987இல் அதே வாயு டீசலோடு கூடி எந்திரம் ஓட்ட, குழாயில் நீரும் வீட்டில் விளக்கும் வந்தன. சாணம் கொணர்ந்தோர்க்குக் காசும், அளவுக்கேற்பக் கலனின் எருக்கழிவும் கிடைத்தன. பொது அடுப்பு கைவிடப்பட்டது. பொதுக் கலன் நிலைத்தது.

2000க்குப் பின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஷரத் காலே வகுத்த 'நிசர்க்ருண' முறை சமையற்கூடக் கழிவை எடுத்துக்கொண்டது. மாடு செரித்து எஞ்சியதே சாணம். சோறும் காய்கறித் தோலும் செரிக்கப்படாதவை ஆதலின் எடைக்கு எடை மிகுந்த வாயு தருகின்றன. இம்முறையில் கழிவு அரைக்கப்பட்டு, வெந்நீரும் காற்றும் சேர்ந்த முதற் கலனில் புளித்த பின்னரே காற்றுப் புகாத பெருங்கலனுக்குச் செல்கிறது. விடுதியும் உணவகமும் இதற்கு ஏற்ற இடங்கள்: கழிவு தோன்றுமிடமும் அடுப்பு எரியுமிடமும் ஒன்றே. ஆயினும் அவ்வாயு பெரிய சமையலறையின் தேவையில் ஒரு பங்கினையே ஈடுசெய்யும். எலும்பும் முட்டையோடும் பிளாஸ்டிக்கும் கலனுள் செல்லாவண்ணம் பிரித்தெடுக்கும் வேலை நாள்தோறும் கழிவைக் கையாளும் பணியாளர் கைகளிலேயே உள்ளது.