நான்ஸ்டிக் பேக்கிங் பாத்திரங்கள்: தேர்வும் பாதுகாப்பான பயன்பாடும்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நோய்கள் உள்ளவர்களுக்காகப் பல குடும்பங்களில் ரொட்டி, கேக், பிஸ்கட் ஆகியவை வீட்டிலேயே தயாரிக்கப்படுகின்றன. இதனால் சேர்க்கப்படும் உப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் அளவை நாமே கட்டுப்படுத்த இயலும். நான்ஸ்டிக் பாத்திரத்தில் தடவுவதற்குச் சிறிதளவு எண்ணெயே போதுமானது. எனினும், அதன் ஒட்டாப் பூச்சு குறிப்பிட்ட வெப்பநிலை வரை மட்டுமே பாதுகாப்பானது. ஆகவே, எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறோம் என்பதை அறிந்த பின்னரே பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பூச்சுகளின் வகைகள்

பி.டி.எஃப்.இ. பூச்சு: டெஃப்லான் என்னும் வணிகப் பெயரால் பரவலாக அறியப்படுவது. இவ்வேதிப்பொருள் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. நன்கு பராமரித்தால் நீண்ட காலம் உழைக்கும். ஏறத்தாழ 260 டிகிரி செல்சியசுக்கு மேல் இது சிதையத் தொடங்கும். 350 டிகிரியைத் தாண்டும்போது நச்சு ஆவிகள் கூடுதலாக வெளிப்படும்.

செராமிக் பூச்சு: சிலிக்கா அடிப்படையிலானது. அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால், ஒட்டாத தன்மையைப் பொதுவாக விரைவில் இழந்துவிடும்.

சிலிக்கோன் அச்சுகள்: இவை பூச்சு இல்லாதவை. பெரும்பாலானவை 220 முதல் 230 டிகிரி வரை மட்டுமே ஏற்றவை.

‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது’ என்பதன் பொருள்

பி.எஃப்.ஓ.ஏ. என்பது முன்னர் பி.டி.எஃப்.இ. தயாரிப்பில் துணைப்பொருளாகப் பயன்படுத்தப்பட்ட வேதிப்பொருள். இது 2019ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. எனவே, இவ்வாசகம் உள்ள பாத்திரத்தை வாங்குவது நல்லது. ஆனால், அதில் பி.டி.எஃப்.இ. பூச்சு இருக்கக்கூடும். அப்பூச்சு எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதையும் இவ்வாசகம் தெரிவிப்பதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• உச்ச வெப்பநிலை எவ்வளவு என்று பாத்திரத்திலோ உறையிலோ குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். கேக்கிற்கு 170 முதல் 180 டிகிரி வரையும், ரொட்டிக்கு 200 முதல் 220 டிகிரி வரையும் தேவைப்படும்.
• கனமான தகட்டால் ஆனதைத் தேர்ந்தெடுக்கவும். மெல்லிய தகடு சூட்டில் நெளியும். அதனால் பூச்சில் விரிசல் ஏற்படும்.
• விளிம்பு மடித்து உருட்டப்பட்டிருந்தால் பாத்திரம் வடிவம் மாறாமல் இருக்கும்.
• கருநிறப் பாத்திரம் வெப்பத்தை அதிகமாக ஈர்க்கும். அதில் சுடும்போது வெப்பநிலையை 10 முதல் 15 டிகிரி வரை குறைத்து வைக்கவும்.

பயன்படுத்தும் முறை

• வெறும் பாத்திரத்தை ஓவனில் வைத்துச் சூடாக்கக் கூடாது.
• சிறிய ஓவன்களில் வெப்பக் கம்பி பாத்திரத்திற்கு மிக அருகில் இருக்கும். ஆகவே, நடுத்தட்டில் வைத்துச் சுடவும். கிரில் முறையில் நான்ஸ்டிக் பாத்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம்.
• தண்ணீர் இல்லாத குக்கரில் உப்பு அல்லது மணல் பரப்பிக் கேக் சுடும் வழக்கம் உண்டு. இம்முறையில் உள்வெப்பம் எவ்வளவு என்பது தெரியாது. இதற்குப் பூச்சு இல்லாத பாத்திரமும் பட்டர் பேப்பரும் ஏற்றவை.
• பாத்திரத்திற்குள் வைத்துக் கத்தியால் வெட்டக் கூடாது. மரம் அல்லது சிலிக்கோன் கரண்டியைப் பயன்படுத்தவும்.
• நன்கு ஆறிய பின்னரே தண்ணீர் ஊற்றவும். கம்பி நார் கொண்டு தேய்க்காமல் மென்மையான பஞ்சால் கழுவவும்.
• ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இடையில் துணி அல்லது காகிதம் வைக்கவும்.

எப்போது மாற்ற வேண்டும்?

பூச்சு உரிந்தாலோ, ஆழமான கீறல்கள் வழியே உலோகம் தெரிந்தாலோ பாத்திரத்தை மாற்றிவிட வேண்டும். தவறுதலாக விழுங்கப்பட்ட பி.டி.எஃப்.இ. துணுக்குகள் பொதுவாக உடலில் செரிக்காமல், மலத்துடன் வெளியேறிவிடும். இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், பூச்சு போன அலுமினியப் பாத்திரத்தில் எலுமிச்சை, தக்காளி, தயிர் போன்ற புளிப்புப் பொருள்கள் சேர்ந்தால் அலுமினியம் உணவில் கலக்கக்கூடும். உடலில் சேரும் அலுமினியத்தைச் சிறுநீரகங்களே வெளியேற்றுகின்றன. ஆகவே, சிறுநீரக நோயாளிகளின் உணவுக்கு இத்தகைய பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது.

கோதுமைப் புரதமான குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்கெனத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்வது நல்லது. கீறல்களில் பழைய மாவுத் துகள்கள் தங்கியிருக்கலாம்.

பூச்சு தீய்ந்து புகை வந்தால்

அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளிக்காற்றுக்கு வர வேண்டும். படுக்கையில் இருக்கும் நோயாளி, குழந்தைகள் ஆகியோரை முதலில் அப்புறப்படுத்தவும். கிளி, லவ் பேர்ட்ஸ் போன்ற பறவைகள் இப்புகையால் விரைவில் இறக்க நேரிடும். எனவே, பறவைக் கூண்டைச் சமையலறையில் வைக்கக் கூடாது.

இப்புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர் நடுக்கம், உடல்வலி, இருமல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை தோன்றலாம். சாதாரண ஃபுளூ காய்ச்சலைப் போன்றே இருப்பதால் உண்மையான காரணம் கவனிக்கப்படாமல் போக வாய்ப்புண்டு. பெரும்பாலும் ஓரிரு நாள்களில் இவை தாமாகவே தணியும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

மூச்சுத்திணறல், தொடர் இருமல், நெஞ்சுவலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும். அல்லது 108 ஆம்புலன்சை அழைக்கவும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள் புகையைச் சுவாசித்திருந்தால், லேசான அறிகுறி தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் தீய்ந்ததையும், அது நிகழ்ந்த நேரத்தையும் மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்கவும்.